மொழிபெயர்ப்புச் செலவு: பூச்சியம்

விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில்
மொழிபெயர்ப்புக்கென்று ஒரு நிரை.
மொத்தத் தொகையில் பன்னிரண்டு வீதம் வரை அனுமதி.
நான் பூச்சியம் போட்டேன்.
கொழும்பிலிருந்து தொலைபேசி.
இரண்டு நாடு, மொழிபெயர்ப்பாளர் இல்லையா?
இரண்டு பக்கமும் தமிழ்தான் என்றேன்.
அப்படியென்றால் பரிமாற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்,
பகிடிக்கு இல்லை.

அயல்நாடுகளுக்கிடையிலான பண்பாட்டு, கொள்கைப் பரிமாற்ற நிதி.
பண்பாட்டுக்கு ஒரு நாட்டுக்கூத்தும் மதிய விருந்தும்.
கொள்கைக்கு ஒன்றரை மணித்தியாலம்,
தேநீர் இடைவேளை உட்பட.
மீன் வேண்டாம், கடல்சார் வாழ்வாதாரம் என்று போடச் சொன்னார்கள்,
போட்டேன்.
றோலர் என்ற சொல்லும் வேண்டாமாம்.
அதற்கு மாற்று அவர்களிடமும் இருக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்துக் காசு வந்தது.
பலாலியில் ஆறு பேர் இறங்கினார்கள்,
ஜெகதாப்பட்டினத்து ஆட்கள்,
நாலு பேருடைய கடவுச்சீட்டில் இதுதான் முதல் முத்திரை.
பயணப்படிக்கு ஒப்பம் வைத்தபடி வேலாண்டி சொன்னார்:
"இந்தப் பக்கம் வர்றது பழக்கந்தாம்மா.
வாசல் வழியா வர்றதுதான் புதுசு."
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
பேனையைத் திருப்பி வாங்கினேன்.

குருநகர் மண்டபத்தில்
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
வேலாண்டி எழுந்து கைகூப்பினார்.
"எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாங்க."
எங்கள் பக்கம் கதிரைகள் கிரீச்சிட்டன.
மரியநாயகம் எழும்பிவிட்டார்.
"என்னத்துக்கு எங்களைப் பேசப் போறீர்?
அறுந்தது எங்கட வலை.
பேசுறதெண்டால் நாங்களல்லோ பேசவேணும்!"

ஆறு பேரும் முழித்தார்கள்.
அவர்களுக்குப் பேச்சென்றால் வாய் திறப்பது.
குருநகரில் பேச்சென்றால் ஏச்சு.
கணக்காளர் வாய் திறக்கக் கூடாத இடத்தில் நான் எழும்பி
"கதைக்கலாம் எண்டுதான் சொல்லுறார்" என்றேன்.
உடனே அந்தப் பக்கத்தில் கடைசி ஆள், முகம் சுருங்கி:
"கதையா? நாங்க கதை விட வரலைங்க."

பன்னிரண்டு வீதமும்
என் தொண்டைக்குள் கிடந்து உறுத்தியது.

பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மரியநாயகம் உரப்பையை அவிழ்த்து
வலையை மேசையில் கொட்டினார்,
விரிப்பின் மேல், தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில்.
பாசி நாற்றம். சிப்பி ஒன்று தரையில் உருண்டது.
வேலாண்டி அறுந்த ஓரத்தைத் தடவி
கண்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.
"கிலோ என்ன விலைங்க?"
சொன்னோம்.
இந்தியக் காசுக்கு மாற்றி உதடு அசைந்தது,
மறுபடியும் மாற்றினார்.
"நான் சம்பளத்துக்குப் போறவன். ஓனர் வரலை."
மன்னிப்பென்று ஒன்றும் வரவில்லை.
மரியநாயகமும் கேட்கவில்லை.
படிவத்தில் 'சமூகப் பிரதிநிதிகள்' என்றிருந்தது,
முதலாளிக்கு நிரை இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை.
கூத்து முடிய, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓட்டம்,
வானில் பருத்தித்துறை முனைக்குப் போனோம்.
கேட்டது ஆரென்று இப்போதும் தெரியாது.
கடலில் வெளிச்சங்கள், வரிசையாக,
ஒரு ஊர் இருக்கிறதைப் போல.
வேலாண்டி பத்தொன்பது வரை எண்ணி நிறுத்தினார்.
"உங்கட ஆக்களோ?"
"வெளிச்சத்துல பேரு தெரியாதுங்க."
மரியநாயகம் பீடிக்கட்டை நீட்டினார்.
காற்றில் மூன்று குச்சி அணைந்து
நாலாவது பற்றியது.

இப்போது ஒரு துண்டு என் மேசையில்.
போக வர அறுபத்தாறு கிலோமீற்றர்.
நோக்கம் என்ற கட்டத்தில் பண்பாடு என்று எழுதி வெட்டினேன்.
கொள்கை என்று எழுதி அதையும் வெட்டினேன்.
பேச்சு என்று எழுதி வைத்திருக்கிறேன்.
எந்தத் தமிழில் என்று
கொழும்பு இன்னும் கேட்கவில்லை.
வான்காரர் மட்டும்
இரண்டு தரம் வந்து
காசு கேட்டுவிட்டுப் போனார்.